அத்தியாயம் 9: டைமிங் செயின் மாற்றுதல்

இந்த அத்தியாயம் ஒரே ஒரு இன்ஜினைப் பற்றியது. 1973 முதல் 1987 வரை அமெரிக்காவில் வந்த ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப் வண்டிகளில் அதிகம் காணப்படும் 350 கன அங்குல வி-8 இன்ஜின் அது. லிட்டர் கணக்கில் 5.7. ஷெவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' குடும்பம் 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கியது. 350 அதில் 1967-ல் சேர்ந்தது. 305, 327 ஆகியவையும் இதே குடும்பம்தான். ஆகவே இங்கே சொல்லும் வேலைமுறை அவற்றுக்கும் பொருந்தும். 1996-லிருந்து வந்த வோர்டெக் வகை இன்ஜின்களில் செயின் மூடி பிளாஸ்டிக்கால் ஆனது, சென்சார்களும் கூடுதல். அவற்றை இந்த அத்தியாயத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம்.

வீட்டு கராஜில் முதன்முதலாக இன்ஜினின் உள்ளே கைவைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. இன்ஜின் நீளவாக்கில் நிற்கிறது, செயின் முன்பக்கம் இருக்கிறது, ரேடியேட்டரைக் கழற்றிவிட்டால் கை தாராளமாகப் போகும். ஒரே ஒரு குட்டையான செயின், இரண்டு பல்சக்கரங்கள், அவ்வளவுதான். இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர்கூட இதில் கிடையாது. முதல் முறை செய்பவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஒதுக்குங்கள்.

செயின் என்ன செய்கிறது?

கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் மேல் சக்கரத்தில் பற்கள் சரியாக இரண்டு மடங்கு. பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் முழுவதும் இந்தச் செயினில்தான் இருக்கிறது. பின்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம்தான் சுற்றுகிறது. ஆக, பிளக்கில் தீப்பொறி விழும் நேரமும் இதே செயினை நம்பித்தான் இருக்கிறது.

தொய்ந்த சைக்கிள் செயினை ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. பெடலை மிதித்ததும் முதலில் ஒரு வெற்று மிதி போகும், அதற்குப் பிறகுதான் சக்கரம் நகரும். இங்கேயும் அதே கதை. செயின் தேய்ந்து நீண்டுவிட்டால் கிராங்க் முந்திக்கொள்ளும், கேம் சில டிகிரி பின்தங்கும். உறிஞ்சும் வால்வு தாமதமாக மூடும், உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வெளியே திரும்பும், அழுத்தம் குறையும். தீப்பொறியும் தாமதமாகும். குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். நெடுஞ்சாலையில் ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. மேட்டில், பாரத்தோடு, சிக்னலில் இருந்து கிளம்பும்போதுதான் தெரியும்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில், சத்தம் குறைய வேண்டும் என்பதற்காக, அலுமினியச் சக்கரத்தின் மேல் நைலான் பற்கள் வைத்துக் கொடுத்தார்கள். முப்பது, நாற்பது ஆண்டு கொதிக்கும் எண்ணெயில் கிடந்த நைலான் மொறுமொறுப்பாகி உடையும். உடைந்த துண்டுகள் நேராக ஆயில் பேனுக்குள் விழுந்து, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும். செயின் போனால் வண்டி நிற்கும்; எண்ணெய் போனால் இன்ஜினே போகும்.

செயின்தானா என்று முதலில் பாருங்கள்

என்னுடைய 1979 ஷெவர்லே சி-10 பிக்கப் மேட்டில் திணறியபோது நான் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கார்புரேட்டர் என்றார்கள். பிரித்து, கழுவி, மாட்டிக் கொடுத்தார்கள், பணமும் வாங்கிக்கொண்டார்கள். திணறல் போட்டது போட்டபடி இருந்தது. பிறகு வீட்டில் இருபது நிமிடத்தில் கீழ்க்கண்ட சோதனையைச் செய்தேன். 11 டிகிரி தொய்வு. அன்றிலிருந்து, எந்தப் பாகத்தையும் அளந்து பார்க்காமல் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் இன்ஜின் கையில் லேசாகச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே ரோட்டர் தெரியும்படி வையுங்கள்.

1. கிராங்கின் முன் போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள சாக்கெட்டை மாட்டி, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். கிராங்கின் அதே முனையில் ஏறியிருக்கும் கனமான வளையத்துக்கு டேம்பர் என்று பெயர். அதில் உள்ள கோடு, செயின் மூடியின் அருகில் உள்ள தகட்டில் 0-வுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

2. ஒருவரை ரோட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இப்போது எதிர்த் திசையில் மிக மெதுவாகத் திருப்புங்கள். ரோட்டர் அசைந்த கணத்தில் அவர் குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும்.

3. கோடு 0-விலிருந்து எத்தனை டிகிரி நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் தொய்வு.

தகட்டில் அவ்வளவு தூரத்துக்கு அளவுக்கோடு இல்லாவிட்டால், டேம்பரின் விளிம்பில் சாக்பீஸால் குறித்து அளவு நாடாவால் அளக்கலாம். 8 அங்குல டேம்பரில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர். சிறிய 6¾ அங்குல டேம்பரில் 1.5 மில்லிமீட்டர்.

3, 4 டிகிரி என்றால் நல்ல செயின். 6-ஐத் தாண்டினால் மாற்றத் திட்டமிடுங்கள். 10-ஐத் தொட்டுவிட்டால் தள்ளிப்போட வேண்டாம். இது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. டைமிங் லைட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஐடிலில் கோடு ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைந்தால் செயினைச் சந்தேகிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் தேய்மானமும் இதே அலைச்சலைக் காட்டும் என்பதால், இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வாங்க வேண்டியவை

செயினைத் தனியாக வாங்காதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். செயின், இரண்டு சக்கரங்கள் மூன்றும் சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள். இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, முதலில் இருந்த மாதிரியான தட்டை இணைப்புச் செயின், சத்தம் குறைவு. மற்றது இரட்டை ரோலர் செயின். உறுதி அதிகம், பற்கள் முழுக்க இரும்பு. பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு நான் இரட்டை ரோலரைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் நைலான் பல் வேண்டாம்.

செயின் மூடிக்கான கேஸ்கெட்டும் ஆயில் சீலும் ஒரே பொட்டலத்தில் வரும். வாட்டர் பம்ப் கேஸ்கெட்டுகள் இரண்டு, கூலன்ட், இன்ஜின் ஆயில், ஃபில்ட்டர், சிலிக்கான் சீலண்ட், மரையில் தடவும் லாக் திரவம் ஆகியவையும் வேண்டும். வாட்டர் பம்ப் எத்தனை வயதானது என்று தெரியாவிட்டால் இப்போதே புதிது போட்டுவிடுங்கள். அதைக் கழற்றாமல் இந்த வேலை நடக்காது. இன்னொரு முறை கழற்ற உங்களுக்கு மனம் வராது.

கருவிகளில் கடன் வாங்க வேண்டியவை இரண்டு: டேம்பர் கழற்றும் புல்லர், டேம்பர் ஏற்றும் திருகுக் கருவி. பெரிய உதிரிபாகக் கடைகள் டெபாசிட் வாங்கிக்கொண்டு இவற்றை இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். டார்க் ரென்ச் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

பிரித்தல்

கூலன்டை அகலமான தட்டில் இறக்குங்கள். அதில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷமும்கூட. நாயோ பூனையோ ஒரு வாய் நக்கினாலும் ஆபத்து. சிந்தியதை உடனே கழுவிவிட்டு, தட்டை மூடி வையுங்கள். ரேடியேட்டரைக் கழற்றுவது கட்டாயமில்லை, ஆனால் கழற்றினால் நிற்க இடம் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் இரண்டு குழாய்கள் ரேடியேட்டரில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழற்றியதும் முனைகளை அடைத்துவிடுங்கள்.

ஃபேன் கவசம், ஃபேன், பெல்ட்டுகள், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்புகளின் தாங்கிகள், அதன்பின் வாட்டர் பம்ப் என்று வரிசையாக வெளியே வரட்டும். இங்கே போல்ட்டுகள் எல்லாம் ஒரே தடிமன், நீளம் மட்டும் வேறுவேறு. ஒரு அட்டைப்பெட்டியின் மேல்பக்கத்தில் வாட்டர் பம்பின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எந்த போல்ட் வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். இரண்டு நிமிட வேலை; திரும்ப மாட்டும்போது இரண்டு மணி நேரம் மிச்சம்.

அடுத்தது டேம்பர். கீழ்ப் புல்லியின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றிப் புல்லியை எடுங்கள். நடுவில் உள்ள பெரிய போல்ட்டைக் கழற்றும்போது இன்ஜினும் சேர்ந்து சுற்றும். கையால் கியர் போடும் வண்டி என்றால் மேல் கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கீழே கவசத் தகட்டைக் கழற்றி, ஃப்ளைவீல் பற்களைப் பிடிக்கும் கருவியை மாட்ட வேண்டும்.

டேம்பர் என்பது ஒரே இரும்புத் துண்டு என்று நினைக்காதீர்கள். உள் வளையம், வெளி வளையம், நடுவில் ரப்பர். வெளி விளிம்பில் கொக்கி போட்டு இழுக்கும் புல்லரை மாட்டினால் ரப்பர் பிய்ந்து, வெளி வளையம் தனியாக நழுவிவிடும். பிறகு அதில் உள்ள டைமிங் கோடு பொய் சொல்லும். புல்லி மாட்டியிருந்த அதே மூன்று துளைகளில் போல்ட் ஏற்றி இழுக்கும் புல்லரையே பயன்படுத்துங்கள். அதன் நடுத்திருகு கிராங்க் முனையின் உள்மரையைக் கெடுக்காதபடி, புல்லரோடு வரும் சிறு முனைத்துண்டை இடையில் வையுங்கள். கிராங்கில் மரை கழன்றால் வண்டிக்கும் உங்களுக்கும் சேர்த்து மரை கழன்ற கணக்குதான்.

வெளியே வந்த டேம்பரின் கழுத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஆயில் சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீல் போட்டாலும் எண்ணெய் கசியும். அதன்மேல் ஏற்றும் மெல்லிய உலோக உறை கடையில் கிடைக்கும்.

இப்போது செயின் மூடி. பத்துச் சிறிய கால் அங்குல போல்ட்டுகள். அவற்றை எடுத்தபிறகும் மூடி கையோடு வராது. ஏனென்றால் அதன் அடிப்பகுதி ஆயில் பேனின் முன் வளைவோடு ரப்பர் சீலால் ஒட்டியிருக்கிறது. பேனின் முன்பக்கத்து இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பக்கவாட்டில் உள்ளவற்றைப் பாதி தளர்த்தி, பேனைக் கொஞ்சம் தாழ்த்தினால் மூடி வெளியே வரும். நெம்பி இழுத்து மூடியை வளைத்துவிடாதீர்கள். மெல்லிய தகடு அது; வளைந்தால் பிறகு எந்த கேஸ்கெட்டும் காப்பாற்றாது. வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

செயினை மாற்றுதல்

மூடி திறந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கேம் சக்கரத்தில் பற்கள் முழுதாக இருக்கின்றனவா? நைலான் துண்டு ஒன்று குறைந்தாலும் அது பேனுக்குள்தான் கிடக்கிறது. அப்படியிருந்தால் பேனை முழுவதும் கழற்றி, உறிஞ்சுகுழலின் வலையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். எண்ணெயை மாற்றினால் வெளியே வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வடிகால் துளை வழியாக வராத துண்டுகள்தான் வலையை அடைக்கின்றன.

இரண்டு சக்கரங்களிலும் ஒவ்வொரு சிறு புள்ளி இருக்கும். டேம்பர் போல்ட்டைத் தற்காலிகமாகக் கிராங்கில் திருகி, கடிகாரத் திசையில் திருப்புங்கள். கிராங்க் சக்கரத்தின் புள்ளி உச்சியில், 12 மணி நிலையில் நிற்க வேண்டும். கேம் சக்கரத்தின் புள்ளி அடியில், 6 மணி நிலையில் நிற்க வேண்டும். இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இது வந்தபிறகு கிராங்கையும் கேமையும் இஷ்டத்துக்குச் சுற்றாதீர்கள்.

இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள். புள்ளிகள் எதிரெதிரே நிற்கும்போது முதல் சிலிண்டர் வெடிக்கும் நிலையில் இருக்கிறது என்று நினைப்பார்கள். அப்போது வெடிக்கும் நிலையில் இருப்பது 6-ஆம் சிலிண்டர். இந்த இன்ஜினின் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. எண்ணிப் பாருங்கள்: 1-க்கு நான்கு இடம் தள்ளி 6. அதாவது கிராங்க் கணக்கில் சரியாக ஒரு முழுச் சுற்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் ரோட்டர் 6-ஆம் ஒயரை நோக்கி நிற்கும். இதைப் பார்த்துப் பதறி டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி 'சரிசெய்தவர்கள்', வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே வேண்டாம்.

கேம் சக்கரத்தில் மூன்று போல்ட்டுகள். அவற்றை எடுத்துவிட்டு, சக்கரத்தின் கீழ் விளிம்பில் பிளாஸ்டிக் சுத்தியால் லேசாகத் தட்டினால் கழன்றுவிடும். செயினும் அதோடு வரும். கிராங்க் சக்கரம் இறுக்கமாக ஏறியிருக்கும், அதைச் சிறு புல்லரால் இழுங்கள். சக்கரத்துக்கு முன்னால் ஒரு தட்டை வளையம் இருந்தால், அது எந்தப் பக்கம் குழிந்திருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்கின் சாவிக்கட்டை பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுக் கிராங்க் சக்கரத்தின் உட்பக்கத்தில் எண்ணெய் தடவி, சாவிக்கட்டையோடு பொருத்தி, சரியான விட்டமுள்ள குழாயை வைத்துத் தட்டி உள்ளே ஏற்றுங்கள். பல இரட்டை ரோலர் செட்டுகளில் இந்தச் சக்கரத்துக்கு மூன்று சாவிப்பள்ளங்கள் இருக்கும். ஒன்று இயல்பான நிலை. மற்ற இரண்டும் கேமை 4 டிகிரி முன்னோ பின்னோ தள்ளுவதற்கு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனி அடையாளம் உண்டு: வட்டம், முக்கோணம், சதுரம் என்பதுபோல. பெட்டியில் உள்ள தாளைப் படித்து, இயல்பான நிலைக்கு உரிய பள்ளத்தையும் அதற்கே உரிய அடையாளத்தையும் பயன்படுத்துங்கள். ஒரு பள்ளத்தில் சக்கரத்தை ஏற்றிவிட்டு வேறொரு பள்ளத்தின் அடையாளத்தைப் பார்த்துச் செயின் போடுவதுதான் இந்த செட்டுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

செயினை எண்ணெயில் நனைத்துக்கொள்ளுங்கள். கேம் சக்கரத்தை, புள்ளி அடியில் இருக்கும்படி கையில் பிடித்து, செயினை அதன்மேல் மாலைபோலத் தொங்கவிடுங்கள். செயினின் கீழ் வளைவைக் கிராங்க் சக்கரத்தில் மாட்டி, மேல் சக்கரத்தைக் கேமின் முளையில் பொருத்துங்கள். சக்கரம் உள்ளே போக மறுத்தால் சுத்தியைத் தேடாதீர்கள். இந்த இன்ஜினில் கேம் பின்னோக்கி நகர்ந்தால், பிளாக்கின் பின்னால் இருக்கும் அடைப்பு மூடியை இடித்துத் தள்ளிவிடும். அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். மூன்று போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சக்கரம் தானாக உள்ளே போகும். மரையில் லாக் திரவம் ஒரு துளி. முடிவான இறுக்கம் 20 அடி-பவுண்டு.

மூடும் முன்: கையால் இரண்டு சுற்று

முதல் முறை இந்த வேலையைச் செய்தபோது இரவு பதினொரு மணி. பம்பருக்கு மேல் குனிந்து, மேலிருந்து பார்த்தேன். புள்ளிகள் நேராக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. சோதிக்காமல் மூடினேன். மறுநாள் மாலை எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கியது. கூலன்ட், ரேடியேட்டர், பம்ப், டேம்பர் என எல்லாம் திரும்ப வெளியே. செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் முறை என் மகனை எதிரே, சக்கரங்களின் மட்டத்துக்குக் கண் வரும்படி உட்கார வைத்தேன். கையில் டார்ச்சும் ஒரு இரும்பு ஸ்கேலும் கொடுத்தேன்.

"அப்பா, மேல புள்ளி கொஞ்சம் இடப்பக்கம் இருக்குப்பா."

"எவ்வளவுடா?"

"ஸ்கேல் வச்சா கோட்டுக்கு வெளியில நிக்குது."

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது நேராகவே தெரிந்தது. கழற்றி ஒரு பல் நகர்த்தினோம். ஸ்கேலை வைத்ததும் இரண்டு ஷாஃப்டுகளின் மையமும் இரண்டு புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

அன்றிலிருந்து நான் மாற்றாத முறை இது:

1. ஸ்கேலின் விளிம்பை இரண்டு ஷாஃப்டுகளின் மையத்துக்கு நேராக வையுங்கள். கண்ணைச் சக்கரத்தின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

2. கிராங்கைக் கடிகாரத் திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் புள்ளி மறுபடி உச்சிக்கு வரும். கேம் புள்ளியும் இப்போது உச்சியில் இருக்கும். அது சரிதான், கேம் அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கிறது. முதல் சிலிண்டர் வெடிக்கும் நிலை இதுவே.

3. இன்னொரு முழுச் சுற்று. இரண்டு புள்ளிகளும் மறுபடி எதிரெதிரே வந்து, ஸ்கேலுக்கு நேராக நிற்க வேண்டும்.

4. சுற்றும்போது எங்காவது கட்டையில் மோதியதுபோலத் தடை வந்தால் நிறுத்துங்கள். பலம் போடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் அதை மிச்சப்படுத்தப் போய் ஒரு முழு நாளைக் கொடுத்தேன்.

மூடுதல்

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஆயில் பேனின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். மூடியில் பழைய சீலைத் தட்டி எடுத்து, புதியதை உதடு உட்பக்கம் பார்க்கும்படி, சாயாமல் ஏற்றுங்கள். உதட்டில் எண்ணெய் தடவுங்கள். உலர்ந்த சீல் முதல் நிமிடத்திலேயே கருகும். பேனின் முன் வளைவுக்கான ரப்பர் சீல் இரண்டு தடிமனில் வரும். கழற்றியதை அருகில் வைத்து ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். மூடியும் பிளாக்கும் பேனும் சந்திக்கும் இரண்டு மூலைகளில் சிலிக்கான் சீலண்ட் கொஞ்சம் வைக்க வேண்டும். எண்ணெய் கசிவது பெரும்பாலும் அந்த மூலைகளில்தான்.

மூடியின் போல்ட்டுகளுக்கு 80 அங்குல-பவுண்டு போதும். அங்குல-பவுண்டு என்பதைக் கவனியுங்கள். அடிக்கணக்கில் ஏழுகூட வராது. இரட்டை ரோலர் செயின் கொஞ்சம் அகலமானது. மூடியைப் பொருத்தியபின் கிராங்கைக் கையால் சுற்றி, செயின் எங்கும் உரசும் சத்தம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

டேம்பரைச் சுத்தியால் அடித்து ஏற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரப்பருக்கும் கிராங்கின் உந்துதாங்கிக்கும் அது ஆகாது. நடு போல்ட்டை வைத்து இழுப்பதும் தவறு. சில மரைகளை மட்டும் பிடித்து இழுக்கும்போது அவை அறுந்துவிடும். ஏற்றும் கருவியின் தண்டைக் கிராங்கில் ஆழமாகத் திருகி, நட்டால் அழுத்தி ஏற்றுங்கள். சாவிப்பள்ளத்தில் சிலிக்கான் ஒரு பொட்டு வைத்தால் அந்த வழியாக எண்ணெய் கசியாது. நடு போல்ட் 60 அடி-பவுண்டு, வாட்டர் பம்ப் போல்ட்டுகள் 30. பம்ப் போல்ட்டுகளின் மரையிலும் சீலண்ட் தடவுங்கள். இந்த எண்கள் நான் பயன்படுத்தியவை. உங்கள் வண்டியின் ஆண்டுக்கான தயாரிப்பாளர் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்

வேலையின்போது கொஞ்சமாவது கூலன்ட் பேனுக்குள் விழுந்திருக்கும். ஆகவே எண்ணெயையும் ஃபில்ட்டரையும் மாற்றாமல் சாவியைத் தொடாதீர்கள். சீலண்ட் உலர அதன் குழாயில் எழுதியிருக்கும் நேரம் கொடுங்கள். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியேறும்.

ஸ்டார்ட் ஆனதும் முதலில் ஆயில் அழுத்தத்தைப் பாருங்கள். முள் உயராவிட்டால் உடனே அணையுங்கள். உயர்ந்தால், டார்ச் அடித்து மூடியின் கீழ் மூலைகளையும் பம்பின் இருபுறத்தையும் பாருங்கள். இன்ஜின் சூடானபின் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் பற்றவைப்பு நேரத்தை அமையுங்கள். எத்தனை டிகிரி என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பழைய செயினுக்கு ஏற்ப யாராவது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள். இப்போது அது அளவுக்கு மீறி முன்னே நிற்கும். இதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பாரத்தில் இன்ஜின் தட்டும்.

லைட்டின் வெளிச்சத்தில் கோட்டைப் பாருங்கள். முன்பு அலைந்த கோடு இப்போது ஓரிடத்தில் நிற்கும். என் வண்டியில் அப்படித்தான் நின்றது. வழக்கமான மேட்டில் ஏறிப் பார்த்தேன், திணறவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும், மூடும் முன் ஸ்கேலை வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பதை மறந்துவிடாதீர்கள். இரவு நேரமாகிவிட்டால் மூடியைத் திறந்தபடியே துணி போட்டு மூடிவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மூடுங்கள்.